விளக்கு மாற்றிய பிளேட் ரீடர்: வாங்கலாமா?

சர்வீஸ்காரர் எங்கள் பிளேட் ரீடரின் (தட்டிலுள்ள பல சிறு கிணறுகளின் ஒளிர்வை அளக்கும் கருவி) விளக்கை மாற்றிவிட்டுப் போனார். கூடவே மென்பொருளில் நான் செய்து வைத்திருந்த அமைப்பும் போய்விட்டது. புரதம்-புரதம் பிணைப்பைத் தடுக்கும் சின்ன மூலக்கூறுகளைத் தேட இந்தக் கருவியை வாங்கலாமா என்று நண்பர் கேட்டது இதே வாரத்தில்தான். அந்த எரிச்சலோடு எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஒளிரும் சாயம் கட்டிய பி53 பெப்டைட் (பி53 புரதத்தின் சிறு துண்டு) தனியாக இருந்தால் வேகமாகச் சுழலும், போலரைசேஷன் (வெளிவரும் ஒளி எந்த அளவுக்கு ஒரே திசையில் அதிர்கிறது என்ற எண்) குறைவாக வரும். எம்டிஎம்2 புரதத்தில் ஒட்டினால் சுழற்சி மந்தமாகி எண் ஏறும். தடுப்பான் வந்து பெப்டைடைத் தள்ளிவிட்டால் மறுபடி இறங்கும். கலக்கி, காத்திருந்து, அளந்தால் போதும். கழுவும் வேலையே இல்லை. 2004இல் வெளிவந்த நட்லின் என்ற தடுப்பானை ஒப்பீட்டுக் கட்டுப்பாடாகப் போட்டால் வளைகோடு இன்றும் அழகாக விழுகிறது.

இனி வயிற்றெரிச்சல். சோதிக்க வைத்திருக்கும் மூலக்கூறுத் தொகுப்பில் தானாகவே ஒளிர்பவை நிறைய. சின்னது என்பதால் அவையும் வேகமாகச் சுழலும், எண் இறங்கும், ஹிட் (தடுப்பான் கிடைத்ததற்கான அறிகுறி) மாதிரியே தெரியும். மொத்த ஒளிர்வைப் பார்த்தால் பொய் உடனே பிடிபடும், அந்தக் கிணற்றில் மட்டும் எகிறியிருக்கும். இந்தக் கருவியின் மென்பொருளோ மொத்த ஒளிர்வுப் பத்தியை மறைத்துவிட்டு எம்பி (போலரைசேஷனின் அலகு) மதிப்பை மட்டும் காட்டுகிறது. ஒவ்வொரு புதுச் சோதனை அமைப்பிலும் நானே போய்த் திறக்க வேண்டும். ஏன் மறைக்க வேண்டும்? யாருக்கு அதில் லாபம்?

மூலக்கூறு ஒளிர்வது கருவியின் குற்றமில்லை, ஒப்புக்கொள்கிறேன். திரண்டு புரதத்தை விழுங்கும் மூலக்கூறுகளையும் இதனால் கண்டுபிடிக்க முடியாது; அதற்கு 0.01% டிரைட்டான் (சோப்பு போன்ற பொருள்) சேர்த்து மறுபடி அளப்பது நம் வேலை. ஆனால் எம்டிஎம்2வில் பி53இன் மூன்று அமினோ அமிலங்கள் நுழையும் ஆழமான குழி இருக்கிறது. மற்றப் பல புரதங்களின் பிணைப்புப் பரப்புகளோ தட்டையானவை, சின்ன மூலக்கூறு பிடித்துக்கொள்ள இடம் குறைவு. அங்கே உண்மையான ஹிட் பலவீனமாகத்தான் வரும், பொய் ஹிட்தான் பளிச்சென்று நிற்கும். மறைந்திருக்கும் அந்தப் பத்தி அப்போதுதான் அதிகம் தேவைப்படுகிறது.

விளக்கு மாற்றியபின் ஃப்ளோரசின் என்ற ஒப்பீட்டுச் சாயத்தை 27 எம்பிக்குச் சரிசெய்தேன். அளவீடு முன்பைவிடச் சீராகவே இருக்கிறது.

ஆனாலும் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். பிடிவாதமாக வாங்குவதென்றால், சிவப்பில் ஒளிரும் சாயத்துக்கான ஒளி வடிகட்டியையும் சேர்த்துக் கேளுங்கள். டெமோவில், மொத்த ஒளிர்வு எதிலிருந்து வருகிறதோ அந்த இணை, செங்குத்து ஒளிர்வு எண்களைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். விற்பனையாளர் மெனுவுக்குள் தேட ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.