ஏசி ஸ்லீப்பர் கேபின் லாரி: டிரைவருக்கு சொகுசு, கூட வர்றவனுக்கு?

எங்க ஓனர் புதுசா எடுத்துருக்குற பன்னெண்டு சக்கர வண்டி, கம்பெனியே கட்டிக் குடுத்த ஏசி கேபின், பின்னாடி ஒரு பெர்த்து. ராமநாதபுரம் பக்கம் வாலிநோக்கத்துல உப்பு ஏத்திக்கிட்டு கர்நாடகாவுல இருக்குற ஹூப்ளி வரைக்கும் ஓட்டிட்டு வந்துட்டேன், அத வச்சு எழுதுறேன். கம்பெனி பேரு போடல, கேபினப் பத்தி மட்டும்தான் பேச்சு. அதுலயும் முக்கியமா இடது பக்க சீட்டு, ஏன்னா யூடியூப்ல லாரி ரிவியூ போடுறவங்க எல்லாரும் எஞ்சின் மைலேஜுன்னு அரைமணி நேரம் பேசுறாங்க, அந்த சீட்டுல ஏறி ஒக்காந்து பாத்த ஆள நான் பாக்கல.

முன்னாடி அது கிளீனர் சீட்டு. இப்ப கிளீனர் வைக்கிற ஓனர் ரொம்பக் கொறஞ்சுட்டாங்க, டிரைவர் ஒத்தையாத்தான் போறான், ராத்திரி ரெண்டு மணிக்கு மேல கண்ணு சொக்குனா தட்டி எழுப்ப ஆள் கெடையாது. அதனாலதான் ஓனர்கிட்ட கேட்டுட்டு என் கூட்டாளிய ஏத்திக்கிட்டேன். அவன் மண்டபத்துல விசைப்படகுக்குப் போறவன், ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், படகெல்லாம் கட்டிக் கெடக்கு, வீட்டுல சும்மா ஒக்காந்துருக்கதுக்கு "நானும் வர்றேன் மாப்ள"ன்னு கெளம்பிட்டான். வலையப் போட்டுட்டு விடிய விடிய முழிச்சுக் கெடந்து பழகுனவன், இந்த வேலைக்கு அவன விடத் தோதான ஆளு கெடைக்காது.

மொதல்ல நல்லத சொல்லிடுறேன். ஏசி. 2025 அக்டோபர் 1-லருந்து தயாராகுற லாரிக்கெல்லாம் கேபின் ஏசி கட்டாயம்னு சட்டமே வந்துருச்சு, வெயிலுக்காகன்னுதான் எல்லாரும் சொல்றாங்க, ஆனா எனக்கு அதவிட பெருசா தெரிஞ்சது பேச்சு. நான் முன்ன ஓட்டுனது நாமக்கல் பக்கம் பட்டறையில மரமும் தகரமும் வச்சுக் கட்டுன கேபின், நடுவுல எஞ்சின் மூடி, அந்தச் சூட்டுல கால் வேகும், கண்ணாடிய எறக்குனா இரைச்சல், பக்கத்துல இருக்கவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னா கத்தணும், கத்திக் கத்தி ஒரு கட்டத்துல ரெண்டு பேரும் பேசாமயே வருவோம். இதுல கண்ணாடிய ஏத்திட்டா வீட்டுத் திண்ணையில பேசுற மாதிரி பேசலாம். ராமநாதபுரத்துல ஆரம்பிச்சு பரமக்குடி, மதுரை, திண்டுக்கல்னு கச்சான் காத்துல சுக்கான் புடிக்கிற கதை, படகுக் கடன், அவன் தங்கச்சி கல்யாணம்னு பேசிக்கிட்டே கரூர் வந்துட்டோம், ரோட்டு மேல இருக்குற கவனமும் கொறையல. இந்த ஒண்ணுக்காகவே இந்தக் கேபினுக்கு நான் நல்ல மார்க் போடுவேன்.

ஒரு விஷயம் கவனிங்க, உள்காத்தே சுத்துற மாதிரி ஸ்விட்ச வச்சுட்டு ரெண்டு ஆளு மணிக்கணக்கா ஒக்காந்துருந்தா கேபினுக்குள்ள ஒரு மந்தம் வந்துரும், தூக்கம் தானா வரும். வெளிக்காத்து வர்ற மாதிரி மாத்தி வைங்க, இல்ல அப்பப்ப கண்ணாடிய எறக்குங்க.

இப்ப அந்த சீட்டு. டிரைவர் சீட்டுக்கு ஏர் சஸ்பென்ஷன், ஏத்தி எறக்கலாம், முன்ன பின்ன தள்ளலாம், எனக்கு இடுப்பு வலியே இல்ல. இடது பக்கம் வெறும் தட்டு மேல ஃபோம், முதுகு செங்குத்தா நிக்குது, எந்தப் பக்கமும் அசையாது. எனக்கு மெத்தையில தெரியுற பள்ளம் அவனுக்கு நேரா முதுகெலும்புல எறங்குது. நாமக்கல் வர்றதுக்குள்ள லுங்கிய சுருட்டி இடுப்புக்கு வச்சுக்கிட்டான். சார்ஜர் பாயிண்ட்டு என் பக்கம் மட்டும்தான். பட்டறை கேபின்ல சூடு, சத்தம் எல்லாம் உண்டு, ஆனா இடது பக்கம் நீட்டு பெஞ்சு இருக்கும், ஒரு மனுசன் சாஞ்சு வரலாம், அந்த யோசனை பட்டறை ஆசாரிக்கு இருந்துச்சு. சீட் பெல்ட்டும் கைப்பிடியும் மட்டும் நல்ல உறுதி, திரும்பி வர்றப்ப தொப்பூர் கணவாய் எறக்கத்துல கியர்லயே, எக்ஸாஸ்ட் பிரேக் (பொகை போற வழிய அடைச்சு எஞ்சினாலயே வேகத்தக் கொறைக்கிறது) போட்டு மெதுவா எறக்குறப்ப அவன் அந்தக் கைப்பிடிய விடவே இல்ல.

பெர்த்து ஒரு ஆளுக்கு சரி, அவன் நல்ல உசரம், கால மடக்கித்தான் படுத்தான். வண்டி ஓடுறப்ப அதுல யாரையும் படுக்க விடாதீங்க, எங்க வண்டியில அங்க பெல்ட்டோ தடுப்போ கெடையாது, திடீர்னு பிரேக் அடிச்சா ஆளு கண்ணாடிக்குத்தான் வருவான். நிறுத்திட்டுப் படுக்கலாம்னா எஞ்சின ஆஃப் பண்ண ஒடனே ஏசியும் போச்சு, கிருஷ்ணகிரியில மதியம் நிறுத்துன நேரத்துல உள்ள அடுப்புதான். அதுக்காக எஞ்சின ஓட விட்டு கண்ணாடிய ஏத்திட்டுத் தூங்கிறாதீங்க, டீசல் செலவு ஒரு பக்கம், பொகையில வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசம் கெடையாது, உயிரே போயிரும். பேட்டரியில ஓடுற சின்ன ஃபேன், ஜன்னலுக்குக் கொசுவலை, இது ரெண்டையும் கம்பெனியே குடுத்துருக்கலாம்.

சாப்பாடு சாமானுக்கு வெளிப்பொட்டி பெருசா இருக்கு. அவங்கம்மா குடுத்துவிட்ட நெத்திலிக் கருவாட அதுலதான் வச்சோம், மூடுன ஏசி கேபினுக்குள்ள வச்சா வாசம் ஒரு வாரத்துக்குப் போகாது. ஹிரியூர் தாண்டி ஒரு மரத்தடியில அவன் வச்ச கொழம்பு இருக்கே, கர்நாடகாவுல அப்பிடி ஒரு சோறு நான் சாப்பிட்டதில்ல. லோடு எறக்குன ஒடனே வண்டிய நல்ல தண்ணி ஊத்திக் கழுவ வச்சவனும் அவன்தான், உப்புத் தண்ணி வடிஞ்சா கேபினோட அடித்தகரம் எவ்வளவு சீக்கிரம் துருப்புடிக்கும்னு கடல்காரனுக்குச் சொல்லித் தரணுமா.

கூட்டாளிய ஏத்துறவங்க கட்டாயம் இதப் படிங்க. சரக்கு வண்டியில சும்மா ஏறி வர்ற ஆளுக்கு லாரி இன்சூரன்ஸ் பொறுப்பில்லன்னு 2003-லயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு இருக்கு. சரக்கோட ஓனரோ அவரு அனுப்புன ஆளோ கூட வந்தாத்தான் கவர். அதனால ஓனர் கண்ணுக்குத் தெரியாம ஏத்தாதீங்க, கூடுதல் பிரீமியம் கட்டி ஒரு ஆளச் சேக்க முடியுமான்னு ஏஜெண்ட்கிட்ட கேளுங்க, வர்றவன் பேருல தனியா ஒரு விபத்து பாலிசியும் எடுத்து வைங்க. அவனுக்கும் வீட்டுல புள்ளைங்க இருக்கு.

எங்க ஓனர் இடது பக்கத்துக்கு சாயுற சீட்டு போட ஒத்துக்கிட்டாரு, பட்டறையில வெலை கேட்டுருக்கோம், கேபின்ல எதையும் வெட்டாம ஒட்டாம, பெல்ட்டு பழைய எடத்துலயே நிக்கிற மாதிரி போட்டுத் தரணும்னு சொல்லிருக்கேன். நீங்க ஷோரூம்ல வண்டி பாக்கப் போனா ஸ்டீயரிங் பக்கம் ஏறுறதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் ஏறி ஒரு அரைமணி நேரம் ஒக்காருங்க.