ஒன்பது வருஷ ஒயின் ஃப்ரிட்ஜும் கிருஷ்ணாயில் வாசமும்

போன வாரம் மெல்பர்னிலிருந்து நண்பன் போன் செய்தான். "ஒயின் ஃப்ரிட்ஜ் தள்ளுபடியில போட்டிருக்கான்டா, வாங்கட்டுமா? நீ ரொம்ப வருஷமா வெச்சிருக்கியே." அதற்கு இரண்டு நாள் முன்புதான் அந்த ஃப்ரிட்ஜை ரிப்பேர் பார்க்க 240 டாலர் தண்டம் அழுதிருந்தேன். வாங்கிய விலையே 399. அந்த எரிச்சலையும் கழித்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எங்களுடையது 18 பாட்டில் பிடிக்கும் பெல்டியர் வகை, அதாவது ஒரு சின்னத் தகட்டில் மின்சாரம் பாய்ச்சியே குளிரவைப்பது. பிராண்டு பெயர் வேண்டாம், இந்த வகை எல்லாமே ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். "கம்ப்ரஸர் கிடையாது, சத்தமே வராது" என்றுதான் விற்றார்கள். கம்ப்ரஸர் இல்லைதான். விசிறி இருக்கிறதே! ராத்திரி வீடு அடங்கியதும் ஹாலில் கொசு மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு ரீங்காரம். அடியில் துண்டை மடித்து வைத்தேன். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். தலையில் தட்டினால் பத்து நிமிஷம் அடங்கும். இப்போது விசிறியையே மாற்றியாயிற்று. மூன்று நாள் நிம்மதி, நாலாம் நாள் கொசு திரும்பிவிட்டது.

இந்த வகை ஃப்ரிட்ஜால் அறை வெப்பத்தைவிட ஏதோ 15, 20 டிகிரிதான் கீழே இறக்க முடியும். வாங்கும்போது அதை யார் யோசித்தார்கள்? 2019 ஜனவரி 24 அன்று நாங்கள் இருக்கும் அடிலெய்டில் 46.6 டிகிரி. ஏசியை அணைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் 13 இருக்க வேண்டிய இடத்தில் 21.

சரி, நியாயமும் பேச வேண்டுமே. ஃப்ரிட்ஜ் வந்த வருஷமே ஒயினுக்குப் பேர்போன கிளேர் வேலிக்குப் போய் (இங்கிருந்து வடக்கே சுமார் 130 கிலோமீட்டர்) 2015 அறுவடை ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் ஒரு டஜன் வாங்கிவந்தோம். ஃப்ரிட்ஜில் ஆறுக்குத்தான் இடம் இருந்தது. மீதி ஆறும் நடைபாதைச் செருப்பு அலமாரியில், செருப்புகளுக்குப் பின்னால் நின்றன. படுக்க வைக்கத் தேவையில்லை, எல்லாம் திருகு மூடி. தக்கையால் ஒயின் கெட்டுப்போவது பொறுக்காமல், கிளேர்க்காரர்கள் பலர் 2000 அறுவடையிலிருந்தே கூட்டாக ரீஸ்லிங்கைத் திருகு மூடிக்கு மாற்றிவிட்டார்கள்.

ரிப்பேருக்கு ஆள் வந்த அன்று பாட்டில்களை வெளியே எடுத்தாக வேண்டியிருந்தது. அந்தச் சாக்கில் ஃப்ரிட்ஜிலிருந்து ஒன்று, அலமாரியிலிருந்து ஒன்று என்று பக்கத்தில் பக்கத்தில் திறந்தேன். அலமாரி பாட்டிலை மட்டும் சமையலறை ஃப்ரிட்ஜில் அரைமணி நேரம் குளிர வைத்தேன்.

ஃப்ரிட்ஜ் ஒயினில் இன்னும் லேசான பச்சைச் சாயல். சாத்துக்குடித் தோலைக் கிள்ளினால் தெறிக்குமே, அந்த வாசம். வாயில் நார்த்தங்காய்ப் புளிப்பு, தாடையோரம் எச்சில் ஊறுகிறது, விழுங்கியபிறகும் வெகுநேரம் நிற்கிறது. பத்து வருஷ ஒயின் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இன்னும் பத்து வருஷம் தாராளமாகத் தாங்கும்.

அலமாரி ஒயின் உருக்கிய நெய் நிறம். மூக்கைக் கொண்டுபோனதும் கிருஷ்ணாயில்! மதுரையில் ரேஷன் கடை வரிசையில் கேனைத் தூக்கிக்கொண்டு நின்ற வாசம், புனல் வழியாகத் தகர ஸ்டவ்வுக்குள் இறங்கும் வாசம். அதன் பின்னால் தேனும், வாட்டிய ரொட்டியும். வீட்டுக்காரி ஒருமுறை முகர்ந்துவிட்டு, "என்னங்க, ஸ்டவ்வுக்குத் திரி மாத்துன கை மாதிரி இருக்கு" என்று கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டாள்.

அவள் சொன்னது கற்பனை இல்லை. ரீஸ்லிங்கில் வயது ஏற ஏற டிடிஎன் என்று ஒரு சேர்மம் உண்டாகும். திராட்சையில் இருக்கும் கரோட்டினாய்டு என்ற நிறமி சிதைந்து வருவது. வெயிலில் காய்ந்த பழத்தில் அது அதிகம், வெப்பத்தில் வைத்த பாட்டிலில் இன்னும் அதிகம். தக்கையாவது கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், திருகு மூடி ஒரு துளி விடாது. ஒன்பது அடிலெய்டு கோடையைச் செருப்புகளோடு கழித்த பாட்டிலில் கிருஷ்ணாயில் மணக்காமல் வேறென்ன செய்யும்?

நடுவர் யாராவது உட்கார்ந்திருந்தால் ஃப்ரிட்ஜ் பாட்டிலுக்குத்தான் மார்க் போட்டிருப்பார். அலமாரி ஒயினின் சுவை வாயில் சட்டென்று அறுந்துவிடுகிறது, புளிப்பும் தளர்ந்துவிட்டது. எல்லாம் எனக்குத் தெரிகிறது. ஆனால் அன்றிரவு காலியானது அலமாரி பாட்டில். மற்றதைப் பாதியோடு மூடி வைத்தேன்.

இவ்வளவையும் நண்பனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"அப்போ ஃப்ரிட்ஜ் நல்லாத்தான் காப்பாத்தியிருக்கு?"

"பிரமாதமா காப்பாத்தியிருக்கு."

"வாங்கிடவா?"

"வேண்டாம். உங்க வீட்டுல செருப்பு எங்க வைக்கிறீங்க?"