கோப்ராவா, ஏர்வெயிட்டா? இரண்டு இலகு ரிவால்வர்களின் போட்டி

1950களின் இலகுரக ரிவால்வர் ஒன்றைத் தன் சேகரிப்பில் வைக்க நினைக்கும் அமெரிக்கர் முன்னால் கடைசியில் இரண்டு பெயர்கள்தான் நிற்கும். ஒன்று கோல்ட் நிறுவனத்தின் கோப்ரா. மற்றது ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் சீஃப்ஸ் ஸ்பெஷல் ஏர்வெயிட். இரண்டும் .38 ஸ்பெஷல் தோட்டாவைச் சுடுபவை. இரண்டின் பரிச்சயமான வடிவமும் 2 அங்குலக் குழல் கொண்டது. கோட்டுக்குள் மறைத்து வைக்க வேண்டிய துப்பறிவாளர்களையும் பணி நேரம் முடிந்த போலீஸ்காரர்களையும் மனதில் வைத்து உருவானவை. என் ஓட்டு கோப்ராவுக்கு. ஆனால், எடையில் தோற்றது அதுதான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோப்ரா புதிதாக வரையப்பட்ட துப்பாக்கி அன்று. 1927இல் வந்த டிடெக்டிவ் ஸ்பெஷல்தான் அதன் தாய். எஃகால் ஆன அந்த ஆறு தோட்டா ரிவால்வர் சுமார் 595 கிராம் எடை கொண்டது. 1950இல் கோல்ட் அதன் சட்டகத்தை மட்டும் அலுமினியக் கலவைக்கு மாற்றியது. குழலும், தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டரும் எஃகாகவே நீடித்தன. எடை சுமார் 425 கிராமுக்கு இறங்கியது. அலுமினியத்தின் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்பதால் சட்டகத்தை மாற்றியதே போதுமானதாக இருந்தது.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வேறு திசையில் சென்றது. 1950இல் அது காவல்துறைத் தலைவர்களின் மாநாட்டில் சீஃப்ஸ் ஸ்பெஷலை அறிமுகப்படுத்தியது. பெயரும் அங்கிருந்தே வந்தது. ஆறாவது தோட்டாவைத் துறந்து ஐந்தோடு நின்றதால் சிலிண்டர் மெலிந்தது, துப்பாக்கி முழுவதுமே சிறுத்தது. எஃகில் செய்தபோதே அதன் எடை 540 கிராம்தான். 1952இல் ஏர்வெயிட் வந்தபோது நிறுவனம் துணிந்து சட்டகத்தோடு சிலிண்டரையும் அலுமினியத்தில் செய்தது. எடை 305 கிராம். கோப்ராவை விட 120 கிராம் குறைவு. காகிதத்தில் பார்த்தால் போட்டி அங்கேயே முடிந்துவிட்டது.

காகிதத்துக்கு வெளியேதான் சிக்கல். ரிவால்வரில் தோட்டா வெடிக்கும் அழுத்தத்தை நேரடியாகத் தாங்குவது சிலிண்டரின் அறைச் சுவர். சட்டகம் அதிர்ச்சியை வாங்குகிறதே தவிர அந்த வெடிப்பை அடக்கிப் பிடிப்பதில்லை. எனவே சட்டகத்தில் அலுமினியம் பிழைக்கும், சிலிண்டரில் திணறும். 1954 வாக்கில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மீண்டும் எஃகுச் சிலிண்டருக்கே திரும்பியது. எடை 355 கிராம் அளவுக்கு ஏறியது. கோல்ட் தன் கடைச் சரக்கில் ஒருபோதும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. அதை முன்யோசனை என்பதா, சோம்பல் என்பதா? பழைய வரைபடத்தைத் தொட மனமில்லாத நிறுவனம் என்ற பெயர் கோல்ட்டுக்கு எப்போதும் உண்டு.

இந்தப் பாடத்தை இருவருக்கும் கற்பித்தது அமெரிக்க விமானப்படை. விமானிகள் சுமக்க மிக இலகுவான ரிவால்வர் வேண்டும் என்று அது கேட்டது. 1951இல் கோல்ட் அலுமினியச் சட்டகம், அலுமினியச் சிலிண்டர் இரண்டோடும் ஏர்குரூமேன் என்ற ரிவால்வரைச் செய்து கொடுத்தது. மொத்தம் 1,189 மட்டுமே. பின்னர் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம்13 என்ற பெயரில் பல்லாயிரக்கணக்கில் செய்தது. சிலிண்டர்கள் விரிசல் விட்டன. அழுத்தம் குறைந்த தனித் தோட்டா ஒன்றை ராணுவம் உருவாக்கியும் நம்பிக்கை திரும்பவில்லை. ஆறு அறைச் சிலிண்டரில் இன்னொரு தொல்லையும் உண்டு. சிலிண்டரைப் பூட்டும் பள்ளம் அறைச் சுவர் மேலேயோ அதை ஒட்டியோ விழுகிறது. சுவர் மெலிய வேண்டாத இடத்தில் மெலிகிறது. ஐந்து அறை கொண்டதில் அந்தப் பள்ளம் இரண்டு அறைகளுக்கு நடுவே விழும். சீஃப்ஸ் ஸ்பெஷலுக்கு வடிவக் கணிதம் கொடுத்த இலவசச் சலுகை இது. 1950களின் இறுதியில் ஏர்குரூமேன்களை அழிக்க விமானப்படை உத்தரவிட்டது. தப்பியவை சில. அவற்றுக்காகச் சேகரிப்பாளர்கள் அடித்துக்கொள்கிறார்கள் என்பதால் போலிகளும் உலவுகின்றன. விமானப்படைச் சொத்து என்ற பொறிப்பை மட்டும் நம்பிப் பணத்தை நீட்டுவது வீண் துணிச்சல்.

உள்ளமைப்புக்கு வருவோம். எனக்கு இந்த ஒப்பீட்டின் சுவையான பகுதி இதுதான். சிலிண்டரைத் திறக்க கோல்ட்டில் தாழைப் பின்னால் இழுக்க வேண்டும். ஸ்மித்தில் முன்னால் தள்ள வேண்டும். கோல்ட்டின் சிலிண்டர் வலஞ்சுழியாகச் சுழலும், மற்றது இடஞ்சுழி. விசையை முழுக்க அழுத்தும்போது கோல்ட்டின் சிலிண்டர் அசைவே இல்லாமல் இறுகி நிற்கும். கையில் எடுத்தவர்கள் மறக்காத இறுக்கம் அது. அதற்கு விலை உண்டு. உள்ளே இருக்கும் பாகங்களைத் தேர்ந்த கைவினைஞர் ஒவ்வொன்றாக அரம் வைத்துப் பொருத்த வேண்டும். தேய்ந்தால் சிலிண்டரின் அறை குழலுக்கு நேராக வந்து நிற்கும் நேரம் தவறும். அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் இன்று அருகிவிட்டார்கள். சீஃப்ஸ் ஸ்பெஷலில் சுத்தியலை இயக்குவது சுருள்வில். எளியது, பழுது பார்ப்பது சுலபம், பெருமளவில் உற்பத்தி செய்ய ஏற்றது. சந்தையில் எது வென்றிருக்கும் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. கோப்ராவின் உற்பத்தி 1981இல் நின்றது. ஏர்வெயிட் 1957இல் மாடல் 37 என்று எண் பெற்று, இந்த நூற்றாண்டிலும் தொடர்ந்து, ஜப்பான் போலீஸின் இடுப்பு வரை போய்ச் சேர்ந்தது.

புகழ் விஷயத்தில் கோப்ராவுக்கு ஒரு கறுப்புப் பக்கம் இருக்கிறது. 1963 நவம்பர் 24 அன்று டல்லஸ் காவல்துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில் இரவு விடுதி உரிமையாளர் ஜாக் ரூபி, அதிபர் கென்னடியைக் கொன்றதாகக் கைதாகியிருந்த லீ ஹார்வி ஆஸ்வால்டைச் சுட்டது கோப்ராவால்தான். அந்தத் துப்பாக்கி 1991இல் 2,20,000 டாலருக்கு ஏலம் போனது. கோப்ரா என்றால் இந்தச் சம்பவத்தையே இழுத்து விலையை ஏற்றும் வியாபாரிகளிடம் எனக்குப் பொறுமை இல்லை. நூற்றுக்கணக்கில் மட்டுமே செய்த அபூர்வப் பொருளா கோப்ரா?

வாங்குபவர் கவனிக்க வேண்டியவை. அலுமினியத்துக்கு எஃகைப் போல நீலமேற்ற, அதாவது துருவைத் தடுக்கும் கருநீல மேற்பூச்சு கொடுக்க, முடியாது. மின்சாரம் செலுத்தி மேற்பரப்பில் காப்புப் படலம் உண்டாக்கும் அனோடைஸ்தான் செய்ய வேண்டும். அதனால் பழைய துப்பாக்கியில் சட்டகத்தின் கறுப்பும் குழலின் கறுப்பும் சற்றே வேறுபட்டுத் தெரிவது இயல்பு. எல்லாம் ஒரே பளபளப்பில் இருந்தால் யாரோ மறுபூச்சு செய்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். ஏர்வெயிட்டில் முதலில் பார்க்க வேண்டியது குழல் சட்டகத்தில் திருகி நுழையும் இடத்தின் அடிப்பகுதி. உலோகம் அங்கே மிக மெல்லியது. மயிரிழை விரிசல் வருவது அங்கேதான். சிலிண்டரைத் திறந்து, நல்ல வெளிச்சத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். கோப்ராவில் சுத்தியலை மெல்லப் பின்னுக்கு இழுத்து, அது நிற்பதற்குள் சிலிண்டர் பூட்டிக்கொள்கிறதா என்று ஆறு அறைகளுக்கும் சோதிக்க வேண்டும். வரிசை எண்ணோடு எல்டபிள்யூ என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்றும் பார்க்கலாம். இலகுரகத்துக்கு கோல்ட் இட்ட அடையாளம் அது.

அரிதானது என்ற அளவுகோல் ஒன்றையே வைத்தால், 1952 முதல் 1954 வரையிலான அலுமினியச் சிலிண்டர் ஏர்வெயிட், கோப்ராவைத் தோற்கடித்துவிடும். ஆனால் அதைச் சுடக்கூடாது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். முதல் தலைமுறை கோப்ராவோ, 1970களில் தோட்டா வெளியேற்றும் தண்டுக்குக் கவசம் வைத்து மாற்றுவதற்கு முந்தையது, அந்த மெல்லிய குழலும் திறந்த தண்டுமாக 1927இன் தோற்றத்தை அப்படியே வைத்திருக்கிறது. நல்ல நிலையில் இருந்தால் எப்போதாவது மிதமான தோட்டா போட்டுச் சுடவும் செய்யலாம். 2017இல் கோல்ட் அதே பெயரில் வெளியிட்ட துருப்பிடிக்காத எஃகு ரிவால்வரை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். 700 கிராம் எடையுள்ள ஒன்றுக்கு கோப்ரா என்று பெயர் வைக்க அவர்களுக்கு எப்படி மனம் வந்ததோ. தினமும் இடுப்பில் செருகிக்கொள்ளத்தான் வேண்டும் என்பவர் இந்தப் பழையவற்றைத் தொடவே வேண்டாம். ஏர்வெயிட் வழிவந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 642 இன்றும் கடையில் கிடைக்கிறது.