எஃப்எஃப்எம்பெக்கும் மூன்று ஷெல் ஸ்கிரிப்டும்: நான்கு வருஷ அனுபவம்

பழைய வண்ணாரப்பேட்டையில் கல்யாண வீடியோ மிக்ஸிங் கடை வைத்திருக்கிறேன். எம்.சி. ரோட்டுக்குத் துணி எடுக்க வருகிறவர்கள் கையோடு பென்டிரைவையும் கொண்டுவந்து, "டிவில ஓட மாட்டேங்குதுண்ணா" என்பார்கள். அதற்காகப் பழகியதுதான் எஃப்எஃப்எம்பெக். வீடியோவை வெட்ட, சுருக்க, வடிவம் மாற்ற உதவும் இலவச மென்பொருள், ஃபேப்ரிஸ் பெல்லார்ட் 2000-இல் தொடங்கியது. அபாரமானது, ஆனால் அடிக்க வேண்டிய கட்டளைகள் நீளமோ நீளம். ஆப்ஷன் நிற்கிற இடம் மாறினால் வேலையே மாறிவிடும். தொடக்க நேரத்தை உள்ளீட்டுக் கோப்புக்கு முன்னால் கொடுத்தால் நேரே அங்கே தாவும். பின்னால் கொடுத்தால் முதலிலிருந்து படித்துக்கொண்டே வரும். மூன்று மணி நேர வீடியோவில் தாலி கட்டும் இடம் வருவதற்குள் பொறுமை போய்விடும்.

அதனால் 'வெட்டு', 'சுருக்கு', 'டிவி' என்று மூன்று ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன்; நீளக் கட்டளையை எழுதிவைத்து, பெயரை மட்டும் அடித்து ஓட்டுகிற சின்னக் கோப்புகள். 'சுருக்கு' ஸ்கிரிப்டில் சிஆர்எஃப், அதாவது படத் தரத்துக்கான எண், 20. வீடியோவைச் சுருக்கித் தரும் எக்ஸ்264-க்கு இயல்பாக உள்ளது 23. எண் குறையக் குறையத் தரம் கூடும். 23-இல் பட்டுப்புடவை ஜரிகை என் கண்ணுக்கு மங்கலாகப் பட்டது. 'டிவி' எல்லாவற்றையும் எச்.264 வீடியோ, ஏஏசி ஒலி, 8 பிட் நிறத்துக்கு மாற்றும்.

என்னை அழவைத்தது ஒரு முகூர்த்த நாள் ராத்திரி. நாற்பது கோப்புகளைப் பட்டியல் போட்டு, பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படித்து வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் 'வொயில் ரீட்' லூப்பில் விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் முதல் கோப்பு மட்டும்தான் முடிந்திருந்தது. அடுத்த பெயரில் முன்னெழுத்துகளைக் காணோம், "அப்படி ஒரு கோப்பே இல்லை" என்று பிழைச்செய்தி. 'க்யூ' அழுத்தினால் நிற்க வேண்டுமே என்று எஃப்எஃப்எம்பெக் ஓடும்போதெல்லாம் விசை அழுத்தம் வருகிற உள்ளீட்டு வழியை (எஸ்டிடிஇன்) கவனித்துக்கொண்டே இருக்கும். என் பட்டியலும் அதே வழியில்தான் வந்தது, அதைத் தின்றுவிட்டது. 'நோ எஸ்டிடிஇன்' என்ற ஒரே ஆப்ஷனைச் சேர்த்ததும் சரியானது. லூப் எழுதுகிற எல்லோரும் முதல் நாளே இதைச் சேர்த்துவிடுங்கள்.

கோப்புப் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் போட மறக்காதீர்கள். "சீமந்தம் பாகம் 2" என்பதை ஷெல் மூன்று பெயராக உடைத்துவிடும்.

'வெட்டு' இன்னும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. மறுபடி என்கோட் செய்யாமல், அதாவது படத்தைப் புதிதாகச் சுருக்காமல், நகலெடுப்பதால் நொடியில் முடிகிறது, ஆனால் கீஃபிரேமில்தான் (முழுப் படமாகச் சேமிக்கப்பட்ட ஃபிரேம்) வெட்டு விழும். கேட்ட இடத்துக்கு ஓரிரு நொடி முன்பே தொடங்கும். சடங்குக்குப் பரவாயில்லை. கானா கச்சேரியில் முந்தின பாட்டின் வால் ஒட்டிக்கொண்டு வரும், அதற்குக் கையால்தான் கட்டளை அடிக்கிறேன்.

போன மாதம் லேப்டாப் மாற்றினேன். எஃப்எஃப்எம்பெக்கை நிறுவி, ஸ்கிரிப்ட் ஃபோல்டரை நகலெடுத்தேன். கடைத்தம்பி அன்றைக்கு மதியமே 'டிவி' என்று அடித்து வேலையைத் தொடங்கிவிட்டான்.