நீலப் போத்தலும் ஒரு துண்டு மட்டையும்

வெள்ளவத்தையில் வீட்டுப் பின்னறையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இரசாயனம் சொல்லிக்கொடுக்கிறேன். மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்கும் உண்டு, அதற்கு 2000ஆம் ஆண்டு நோபல் பரிசும் கிடைத்தது என்று வாயால் சொன்னால் போதாது, கண்ணால் காட்ட வேண்டும். அதற்காகத்தான் கிளீவியோஸ் பிஎச் 1000 வாங்கினேன்: அப்படியொரு பிளாஸ்டிக்கின் நுண்துகள்கள் நீரில் பரவியிருக்கும் நீலத் திரவம்.

முதல் போத்தலுக்கு ஆறு வாரம் காத்திருந்தேன். "பழுதாகாமல் இருக்கட்டும் என்று ப்ரீசரில் வைத்தேன், மிஸ்" என்றார் கடைத் தம்பி. திறந்தால் திரிந்த பால் போல நீலக் கட்டிகள். எவ்வளவு குலுக்கியும் சேரவில்லை. பணமும் திரும்பி வரவில்லை. இதை உறையவிடக் கூடாது என்பது விற்கிறவருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

இதிலுள்ள மின்கடத்தும் பிளாஸ்டிக்கின் பெயர் பெடொட். அது தனியாக நீரில் கரையாது. கூடவே இருக்கும் பிஎஸ்எஸ் என்ற இன்னொரு பிளாஸ்டிக்கின் மூலக்கூற்றுச் சங்கிலிகளின் மறையேற்றம்தான் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் தள்ளி, நீரில் பரவி நிற்க வைக்கிறது. நீர் பனிக்கட்டியாகும்போது துகள்கள் நெருக்கப்பட்டு ஒட்டிக்கொள்கின்றன. பிறகு உருகினாலும் பிரிவதில்லை. உப்பு சேர்ந்தாலும் துகள்கள் திரளும். அதனால் ஐதாக்குவதற்குக் காய்ச்சி வடித்த நீரைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

இரண்டாவது போத்தலை வேறொரு இறக்குமதியாளரிடம் எடுத்தேன். ஐஸ் பெட்டிக்குள், ஐஸ் பொதிக்கும் போத்தலுக்கும் நடுவே தடித்த மட்டை ஒன்று வைத்திருந்தார். அந்த மட்டையைப் பார்த்ததுமே எனக்கு நிம்மதி வந்துவிட்டது. புறக்கோட்டை வெயிலில் ஆட்டோவில் கொண்டுவந்தும் போத்தல் குளிர்ச்சியாகவே இருந்தது. 0.45 மைக்ரோன் வடிகட்டியில் தடங்கலில்லாமல் இறங்கியது. உள்ளே திண்மம் 1 சதவீதம் சொச்சம்தான், மிச்சமெல்லாம் தண்ணீர், ஆனாலும் நிறம் பேனா மையைப் போல.

எதுவும் சேர்க்காமல் கண்ணாடித் தகட்டில் பூசி 130 பாகையில் 15 நிமிடம் உலர்த்தினேன். மல்டிமீட்டரில் மின்தடை லட்சம் ஓமுக்குப் பக்கத்தில் நின்றது. அப்புறம் 5 சதவீதம் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் கலந்து பூசிய தகடு: சில நூறு ஓம். பின்வரிசைப் பிள்ளை ஒருத்தி எழுந்து வந்து, தானே இன்னொருமுறை அளந்து பார்த்தாள்.

விலை அதிகம்தான். அமிலத்தன்மையும் கூட, கையுறை இல்லாமல் தொடவேண்டாம். பிரிட்ஜின் நடுத்தட்டில், 4 பாகையில், ஐந்து மாதமாக வைத்திருக்கிறேன். போன ஞாயிறு வடித்தபோதும் வடிகட்டி அடைக்கவில்லை.