மூக்குச் சதை வளர்ச்சி: டூபிலுமாப்பா, மெபோலிசுமாப்பா?

நாள்பட்ட சைனஸ் அழற்சியோடு மூக்கில் சதையும் வளர்ந்தவர்கள் பலருக்கு அதைத் தூண்டுபவை இன்டர்லூகின் 4, 5, 13 என்ற புரதங்கள். இவற்றில் 5 என்பது இயோசினோஃபில் என்ற வெள்ளை அணுக்களைப் பெருக்கும். 13 சளியைச் சுரக்கவைக்கும்.

இவற்றைத் தடுக்கும் மருந்துகளில் மெபோலிசுமாப் (4 வாரத்துக்கு ஒருமுறை 100 மி.கி. ஊசி) 5-ஐ மட்டும் பிடித்துக்கொள்கிறது. ரத்தத்தில் இயோசினோஃபில் நன்றாகக் குறையும். ஆனால் 13 தடையில்லாமல் இயங்கும்.

டூபிலுமாப் (2 வாரத்துக்கு ஒருமுறை 300 மி.கி.) 4, 13 இரண்டுக்கும் பொதுவான ஏற்பியையே (அணுவில் அவை ஒட்டும் இடத்தையே) அடைக்கிறது. இழந்த வாசனை உணர்வு திரும்புவதுதான் முதல் தேவை என்றால் இதையே முதலில் யோசிக்கலாம். கண் அழற்சி வரலாம். இயோசினோஃபில்கள் திசுவுக்குள் நுழைய முடியாமல் ரத்தத்தில் தேங்குவதால் எண்ணிக்கை சிலகாலம் ஏறும். ஏற்கெனவே மிக அதிகமென்றால் மெபோலிசுமாப் பொருத்தம்.

எந்த ஊசியானாலும் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை நீங்களாக நிறுத்தக் கூடாது. பலர் தவறுவது இங்கேதான்.