திருமலையில் இருந்துகொண்டு இணை நிறுவனர் தேட: ஒய் காம்பினேட்டர் தளம் எவ்வளவு உதவும்?

திருமலையில், அதாவது திருகோணமலையில், ஸ்டார்ட்அப் தொடங்க நினைப்பவருக்குப் பணத்துக்கு முன்பே தட்டுப்பாடாக இருப்பது ஆள். கோட் எழுதத் தெரிந்தவர் படிப்பு முடிந்ததும் கொழும்புக்குப் போய்விடுகிறார், இல்லையேல் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் கம்பனிக்கு வேலை செய்கிறார். விற்கத் தெரிந்தவர் ஏற்கெனவே குடும்பக் கடையிலோ விடுதியிலோ இருக்கிறார். ஆரம்பக் கம்பனிகளுக்கு முதலீடும் பயிற்சியும் தரும் ஒய் காம்பினேட்டர் என்ற நிறுவனம் 2021இல் திறந்த இணை நிறுவனர் பொருத்துதல் தளம் இந்தத் தட்டுப்பாட்டுக்கு உதவுமா என்றால், உதவும். தயங்காமல் பரிந்துரைக்கலாம். ஆனால் அதன் வேலை அறிமுகத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகான ஒன்றிரண்டு மாதத்தை எப்படி நடத்துகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. அதனால் இந்த மதிப்புரையின் பெரும்பகுதி அதற்கே போகிறது.

ஒய் காம்பினேட்டர் 2005இல் அமெரிக்காவில் தொடங்கியது. ஏர்பிஎன்பி, டிராப்பாக்ஸ், ஸ்ட்ரைப் மூன்றும் ஆரம்ப நாட்களில் அங்கே பணமும் பயிற்சியும் பெற்றவை. டிராப்பாக்ஸின் ட்ரூ ஹூஸ்டன் தனியாளாக இருந்தபோது, கூட்டாளி ஒருவரைத் தேடிக்கொண்டு வரச் சொன்னார்கள். அவர் அராஷ் ஃபெர்தௌசியைச் சேர்த்துக்கொண்டு 2007இல் உள்ளே போனார். இந்தத் தளம் பிறந்ததும் அதே கவலையில்தான். பாவிக்கக் கட்டணம் கிடையாது. உங்கள் கம்பனியில் பங்கு கேட்கமாட்டார்கள். அவர்களிடம் முதலீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

அவர்களின் இலவச இணையப் பயிற்சித் தளமான ஸ்டார்ட்அப் ஸ்கூலில் கணக்கைத் திறந்து, நீண்ட படிவமொன்றை நிரப்ப வேண்டும். படிப்பு, வேலை, இதுவரை செய்து முடித்தவற்றில் பெருமைப்படத்தக்கது எது, தொழில்நுட்பப் பக்கமா இல்லையா, யோசனை ஒன்று கையில் இருக்கிறதா, எப்போது முழுநேரமாக இறங்க முடியும், பொறியியல், வடிவமைப்பு, விற்பனை, நிர்வாகம் என்பவற்றில் எதைப் பொறுப்பெடுப்பீர்கள் என்று கேட்பார்கள். நிரப்பியவுடன் ஆட்களைப் பார்க்க முடியாது, அவர்கள் பார்த்து அனுமதிக்க வேண்டும். அதன் பிறகு ஒவ்வொருவராக வரும் சுயவிவரங்களில் பிடித்தவருக்கு அழைப்பு அனுப்பலாம். அழைப்புகளுக்கு வாராந்த எல்லை இருப்பதால் கண்மண் தெரியாமல் எல்லோருக்கும் அனுப்ப முடியாது. அது நல்ல ஏற்பாடு. மறுபக்கம் ஏற்றால்தான் தொடர்பு கிடைக்கும்.

படிவம் முழுக்க ஆங்கிலம். இதற்காகப் பின்வாங்கத் தேவையில்லை, எளிய ஆங்கிலம் போதும். விழுத்துவது மொழியைவிட வெறுமைதான். "உல்லாசத்துறையில் புரட்சி செய்யப் போகிறேன், தொழில்நுட்பக் கூட்டாளி தேவை" என்று எழுதினால் யாரும் பதில் போடமாட்டார்கள். "நிலாவெளியிலும் உப்புவெளியிலும் 12 விடுதி உரிமையாளர்களிடம் பேசினேன். 7 பேர் பதிவுகளை இன்னும் கொப்பியிலும் வாட்ஸ்அப்பிலும் வைத்திருக்கிறார்கள். 3 பேர் மாதக் கட்டணம் தரச் சம்மதித்தார்கள்" என்பது போன்ற விவரத்தை வைத்தால் நிலைமை மாறும். விற்பனைப் பக்கத்தவர் காட்டக்கூடிய ஒரே சான்று வாடிக்கையாளர்தான். கோட் எழுதுபவருக்கு ஓடிக்கொண்டிருக்கும் ஒரு செயலியின் இணைப்பு, எழுதிய கோடைச் சேமித்துக் காட்டும் கிட்ஹப் தளத்தில் கணக்கு, இரண்டும் வேண்டும். படித்த பட்டத்தை ஒரு வரியில் முடித்துக்கொள்ளலாம்.

இடத்தை வைத்து வடிகட்டும் வசதி இருக்கிறது. திருமலைக்காரர் இதில்தான் சறுக்குகிறார்கள். அருகில் உள்ளவர் மட்டும் போதும் என்று இறுக்கிவிட்டால் பட்டியல் சட்டென வற்றிப்போகும். உலகம் முழுவதையும் திறந்துவிட்டால் சான் பிரான்சிஸ்கோக்காரர்கள் குவிவார்கள். இலங்கை நேரம் அவர்களைவிடக் கோடையில் 12.30, குளிர்காலத்தில் 13.30 மணித்தியாலம் முன்னே நிற்கிறது. அவர்களின் காலை உங்களின் இரவு. தினமும் சேர்ந்து கட்ட வேண்டிய ஒன்றுக்கு அது சரிவராது. முதலில் இலங்கை முழுவதையும் வையுங்கள். அடுத்ததாக இந்தியாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் நம்முடைய நேரமே, மொழியும் தமிழ். மூன்றாவது லண்டன். நேர வித்தியாசம் 4.30 அல்லது 5.30 மணித்தியாலம்தான், பின்னேரத்தில் இரண்டு மூன்று மணித்தியாலம் சேர்ந்து உட்காரலாம். டொரொண்டோவில் தமிழர் நிறைய, ஆனால் வித்தியாசம் 9.30 முதல் 10.30 மணித்தியாலம். ஒருவர் தினமும் தூக்கத்தை விட வேண்டிவரும், அதை அவர் முன்கூட்டியே மனதார ஏற்றிருக்க வேண்டும்.

அழைப்போடு போகும் குறிப்பில் மூன்று விஷயம் போதும்: அவருடைய சுயவிவரத்தில் எந்த வரி உங்களை நிறுத்தியது, நீங்கள் எதைச் செய்து முடித்திருக்கிறீர்கள், வாரத்தில் எத்தனை மணித்தியாலம் தர முடியும். முழு யோசனையையும் அதில் கொட்ட வேண்டாம். யோசனையைத் திருடிவிடுவார்கள் என்று பயந்து ஒன்றும் சொல்லாமல் இருப்பதும், பேசும் முன்பே இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்பதும் நல்ல ஆட்களை விரட்டிவிடும்.

முதல் உரையாடலிலேயே தவிர்க்க வேண்டியவர்களை அடையாளம் காணலாம். மென்பொருள் நிறுவனம் நடத்துபவர்கள் கூட்டாளி என்ற பெயரில் நுழைந்து, கடைசியில் விலைப்பட்டியலை நீட்டுவதுண்டு. "உங்கள் குழுவில் எத்தனை பேர், மாதம் எவ்வளவு ஆகும்" என்று நேராகக் கேட்டால் தெரிந்துவிடும். இன்னொரு வகையினர் வேலையை விடப் போவதாக வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பவர்கள். எத்தனை மாதச் செலவுக்குச் சேமிப்பு இருக்கிறது, வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள், அடைக்க வேண்டிய கடன் என்ன என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நீங்களும் அதே கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். நம் ஊரில் பணப் பேச்சைத் தள்ளிப்போடுவது மரியாதை என்று நினைக்கிறோம். இந்த இடத்தில் அந்த மரியாதை ஆறாம் மாதத்தில் சண்டையாகத் திரும்பும்.

இனிதான் முக்கியமான பகுதி. சோதனை வேலை செய்து பாருங்கள் என்று தளமும் அறிவுரை சொல்கிறது, ஆனால் அதற்கான சட்டகம் எதையும் திருமலைச் சூழலுக்கு வெட்டித் தருவதில்லை. நான்கு வாரம் வையுங்கள். முதல் வாரம் இருவருமாக 10 வாடிக்கையாளர்களிடம் பேச வேண்டும், கோட் எழுதுபவரும் உட்பட. வெளியூரில் இருந்தால் வாட்ஸ்அப் அழைப்பில் சேரட்டும். அவர் கேள்வி கேட்கிறாரா, பதிலைக் கேட்கிறாரா, இல்லை வாடிக்கையாளருக்குப் பாடம் எடுக்கிறாரா என்று கவனியுங்கள். இரண்டாம் வாரம் மிகச் சிறிய ஒன்றைக் கட்டுங்கள். விடுதிகளுக்கென்றால் அறை நாட்காட்டியும் முற்பணப் பதிவும் போதும். மூன்றாம் வாரம் அதை 2 விடுதிகளில் உண்மையாகவே ஓடவிடுங்கள். நான்காம் வாரம் காசு கேளுங்கள், 1000 ரூபாயாவது. காசு கேட்கும் நாளில்தான் இருவரின் குணமும் முழுசாகத் தெரியும்.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கரையின் உல்லாசப் பயணக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. உச்சத்தில் ஒரு விடுதிக்காரரைப் பிடித்து அரை மணித்தியாலம் பேசவைப்பது பெரும்பாடு. பெப்ரவரி, மார்ச்சில் பேட்டிகளை முடித்து, மே மாதத்தில் ஓடவிடுவது பொருந்தும். நவம்பரில், வடகீழ்ப் பருவமழையில் தொடங்கினால் "சீசன் வரட்டும் தம்பி" என்ற பதில்தான் கிடைக்கும். அந்தப் பதிலை வைத்து வெளியூர்க் கூட்டாளி, சந்தையே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்.

சோதனைக் காலத்தில் கட்டாயம் ஒரு கருத்து மோதல் வர வேண்டும். வரவில்லையென்றால் நீங்களே ஒரு கடினமான முடிவை மேசையில் வையுங்கள்: முதல் வாடிக்கையாளருக்கு இலவசமா, கட்டணமா? தமிழில் முதலா, ஆங்கிலத்தில் முதலா? மோதலுக்கு மறுநாள் அவர் வேலையோடு வருகிறாரா, மௌனத்தோடு வருகிறாரா என்பது நான்கு வாரத்தில் கிடைக்கும் மிகப் பெறுமதியான தகவல்.

பங்குப் பிரிப்பில் ஒய் காம்பினேட்டரின் நெடுநாள் அறிவுரை சமமாக, அல்லது ஏறத்தாழச் சமமாக வைத்துக்கொள்வது. சரியான அறிவுரை. யோசனை என்னுடையது, அதனால் எனக்கு 90, உங்களுக்கு 10 என்று வைத்தால் வருபவர் வேலைக்காரர்தான், அவருக்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும். ஆனால் சமபங்கைப் படிப்படியாக உரித்தாகும் ஏற்பாடு இல்லாமல் ஒருபோதும் எழுதக் கூடாது. வழமை, பங்கு 48 மாதத்தில் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தாவது; முதல் 12 மாதத்துக்குள் விலகினால் எதுவும் இல்லை. 50 சதவீதம் வாங்கியவர் ஒன்பதாம் மாதத்தில் போனால் அவர் கையில் பூச்சியம். பன்னிரண்டாம் மாதம் முடிந்தால் 12.5 சதவீதம். பதினெட்டாம் மாதத்தில் போனால் 18.75 சதவீதம். இந்தக் கணக்கை இருவரும் காகிதத்தில் போட்டுப் பார்த்துச் சம்மதிக்க வேண்டும்.

இலங்கைச் சட்டத்துக்கு இதை எப்படிப் பொருத்துவது என்று தளம் சொல்லாது. அதன் குறிப்புகள் அமெரிக்கக் கம்பனியை மனதில் வைத்தவை. இங்கே 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் தனியார் கம்பனியைப் பதிவு செய்கிறோம். இணையவழியில் பெயருக்கு அனுமதி பெற்று, படிவம் 1, பணிப்பாளர் சம்மதத்துக்குப் படிவம் 18, செயலாளர் சம்மதத்துக்குப் படிவம் 19, அமைப்பு விதிகள் ஆகியவற்றை ஏற்ற வேண்டும். திருமலையிலிருந்தே செய்யலாம். விலகுபவரின் பங்கை மற்றவர் குறைந்த விலைக்கு வாங்கும் உரிமையைப் பங்குதாரர் உடன்படிக்கையில் எழுதுவது எளிய வழி. கம்பனியே திரும்ப வாங்குவதாக எழுதினால், கடன்களைக் கட்டக்கூடிய நிலையில் இருக்கிறதா என்ற சட்டச் சோதனையைத் தாண்ட வேண்டியிருக்கும். ஆரம்பக் கம்பனிக்கு அது சிக்கல். இதற்கு மட்டும் ஒரு சட்டத்தரணிக்குக் காசு கொடுங்கள்.

பதிவுக்கு முன்பான காலம் அதைவிட ஆபத்தானது. சோதனை வேலையில் எழுதிய கோட் யாருடையது? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி முதல் உரிமை எழுதியவருக்கே. கைமாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். வாய்வார்த்தையாக நான்கு மாதம் ஓட்டிவிட்டு அவர் விலகினால் கோடும் அவரோடு போகும். தொடங்கும் நாளிலேயே ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: யார் என்ன செய்கிறார், பிரிந்தால் கோடும் வாடிக்கையாளர் பட்டியலும் யாருக்கு, செலவு எப்படிப் பங்கு. டொமைன், கிட்ஹப், ஃபேஸ்புக் பக்கம் எல்லாவற்றையும் பொது மின்னஞ்சலில் திறந்து, கடவுச்சொல் இருவரிடமும் இருக்கட்டும். கம்பனி பதியாமல் இருவருமாக வியாபாரமே நடத்தத் தொடங்கிவிட்டால், மூலதனம் 1000 ரூபாயைத் தாண்டும் கூட்டு வியாபார உடன்படிக்கை எழுத்தில் இருக்க வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலேயே உள்ள விதி. கூட்டு வியாபாரத்தின் கடன் உங்கள் சொந்தச் சொத்தையும் தொடும்.

கூட்டாளி வெளிநாட்டில் வசிப்பவரானால் இன்னொரு படி. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் ஏற்பாடுகளின்படி, அவர் பங்குக்கு அனுப்பும் பணம் வெளிநாட்டு முதலீட்டுக்கென்றே வங்கியில் திறக்கும் உள்முக முதலீட்டுக் கணக்கொன்றின் ஊடாக வர வேண்டும். மாமாவின் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பச் சொல்லிவிட்டுப் பிறகு கணக்குக் காட்ட முடியாது. சில துறைகளில் வெளிநாட்டில் வசிப்பவரின் முதலீட்டுக்குக் கட்டுப்பாடும் உண்டு. சில்லறை வியாபாரம் அவற்றில் ஒன்று. திருமலை மீனை இணையத்தில் விற்கும் யோசனை உள்ளவர்கள் லண்டன் கூட்டாளிக்குச் சம்மதம் சொல்லும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தளத்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். எழுதியதை நம்பித்தான் பொருத்துகிறது. சுயவிவரத்தில் உள்ள வேலை அனுபவத்தை நீங்களே விசாரிக்க வேண்டும், அவரோடு முன்பு வேலை செய்த இருவரிடமாவது பேசுங்கள். தமிழ் பேசுபவர் என்று தேட நேரடி வழி இல்லாததால், ஊர், படித்த இடம், வேலை ஆகியவற்றிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. கிழக்கு மாகாணத்தில் கால் வைத்துக் கட்ட வேண்டிய தொழில்களுக்கு, அதாவது கிண்ணியா மீனவர், மூதூர் விவசாயி, துறைமுக வீதிக் கடைக்காரர் ஆகியோரிடம் தினமும் போக வேண்டிய தொழில்களுக்கு, இது இரண்டாம் வழிதான். அப்படியானால் கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்திலிருந்து தொடங்குங்கள். பிரயோக விஞ்ஞான பீடத்தில் கணினி விஞ்ஞானம் இருக்கிறது, தொடர்பாடல், வணிகக் கற்கைகள் பீடமும் அதே வளாகத்தில்தான். இறுதியாண்டுச் செயற்திட்டத்துக்கு உங்கள் பிரச்சினையைத் தலைப்பாகக் கொடுத்தால், ஒரு மாணவர் மாதக்கணக்கில் அதில் உழைப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். நான்கு வாரச் சோதனையைவிட அது கனமான சோதனை. யாழ்ப்பாணத்தில் யாழ் ஐடி ஹப் என்ற தொழில்நுட்ப அமைப்பு நடத்தும் போட்டிகளுக்குப் போய் அணிகளோடு பழகுவதும் பயன் தரும்.

தளத்தில் தேடுவதையும் உள்ளூரில் தேடுவதையும் ஒரே நேரத்தில் செய்யலாம். ஆனால் ஒரே சமயத்தில் இருவரோடு சோதனை வேலை செய்வதாக இருந்தால் அதை இருவருக்கும் சொல்லிவிடுங்கள். ஒருவரோடு முடிவானதும் தளத்தில் உங்கள் சுயவிவரத்தை நிறுத்திவையுங்கள், பதில் சொல்லாமல் விட்ட அழைப்புகளுக்கு ஒரு வரி மறுப்பாவது அனுப்புங்கள். இலங்கைத் தமிழர் வட்டம் சின்னது. இன்று மறுத்தவர் அடுத்த வருடம் உங்கள் முதல் ஊழியராக வரக்கூடும்.